ஸ்டாட்டினை நிறுத்தியும் விடாத உடல்வலி: அடுத்து எந்த வழி?

ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் இரண்டு தொடையும் கனக்கின்றன. மாடிப்படி ஏறும்போது கால் பின்னுகிறது. சரி என்று மாத்திரையை நிறுத்தியாயிற்று. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் வலி குறைந்த மாதிரியும் இருக்கிறது, குறையாத மாதிரியும் இருக்கிறது. அதே மாத்திரையைத் திரும்பப் போடுவதா, வேறு மாத்திரைக்கு மாறுவதா, ஊசிக்குப் போவதா, எல்லாவற்றையும் விட்டுவிடுவதா? இந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலோருக்குச் சரிப்பட்டு வருவது, குறைந்த அளவில் வேறொரு ஸ்டாட்டினும் அதனோடு எசெட்டிமைப் என்ற, ஸ்டாட்டின் அல்லாத கொலஸ்ட்ரால் மாத்திரையும். ஆனால் அந்த முடிவுக்குப் போகும் முன், வலி உண்மையில் மாத்திரையால் வந்ததா என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் மாத்திரையை நிறுத்தியிருக்கும் அந்தச் சில வாரங்கள்தான். அதைப் பலரும் வீணடித்துவிடுகிறார்கள்.

இவர்கள் ஒப்பீடு பார்க்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும்

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, வலியோடு காய்ச்சலும் இருக்கிறது என்றால் அன்றே போக வேண்டும். தசை சிதைந்து அதன் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. மிக அரிது, ஆனால் தாமதம் தாங்காது. தசை சிதையும்போது ரத்தத்தில் ஏறும் சி.கே. என்ற கிரியேட்டின் கைனேஸ் அளவு இயல்பின் மேல் எல்லையைப் போல் 10 மடங்கைத் தாண்டியிருந்தாலும் இதே அவசரம்தான்.

இன்னொரு நிலையும் உண்டு. மாத்திரையை நிறுத்தி மாதங்கள் ஆகின்றன, வலி பெரிதாக இல்லை, பலவீனம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது, சி.கே. ஆயிரக்கணக்கில் நிற்கிறது. ஸ்டாட்டின் தடுக்கும் எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் நொதிக்கு எதிராகவே உடல் ஆன்டிபாடி உண்டாக்கித் தசையைத் தாக்குவதால் வருவது இது. லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும். மருந்தை நிறுத்தினால் மட்டும் தீராது, நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சை வேண்டும். இது உறுதியானவர்களுக்கு எந்த ஸ்டாட்டினும், எந்த அளவிலும், மறுபடி கூடாது. கீழே எழுதியிருப்பவற்றில் ஸ்டாட்டின் சம்பந்தப்பட்ட எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் எவ்வளவு இறங்க வேண்டும் என்பது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல் வைத்திருக்கும் இலக்கு 55 மி.கி./டெ.லி.க்குக் கீழ், அதிக ஆபத்துள்ளவருக்கு 70, நடுத்தர ஆபத்துக்கு 100. மருந்து எடுக்காத காலத்தில் இருந்த எல்.டி.எல். எண்ணைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, அந்த மருந்து வெறும் எண்ணைக் குறைப்பதோடு நிற்கிறதா, மாரடைப்பையும் குறைக்கிறது என்று பெரிய ஆய்வில் தெரிந்திருக்கிறதா. மூன்றாவது, சிறுநீரகம், கல்லீரல், யூரிக் அமிலம், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருக்கும் மற்ற மாத்திரைகள். நான்காவது, பல வருடம் விடாமல் தொடர முடியுமா. இந்த நான்காவதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஆறு மாதத்தில் கைவிடப்படும் வலுவான மருந்தைவிட, பத்து வருடம் ஓடும் சுமாரான மருந்து மேல்.

சதவீதங்களைக் கூட்டக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒருவருக்கு மருந்தில்லாமல் எல்.டி.எல். 160 என்று வைத்துக்கொள்வோம். ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. சுமார் 40% குறைத்தால் 96. அதோடு எசெட்டிமைப் சேர்த்தால், மிச்சமிருக்கும் 96-ல் இருந்து ஏறக்குறைய 22% போய் 75. பெம்படோயிக் ஆசிட் என்ற இன்னொரு மாத்திரையையும் (வழி 4) சேர்த்தால் அந்த 75-ல் 18% போய் 62 பக்கம் வரும். மூன்று மாத்திரை போட்டும் 55-ஐத் தொடவில்லை. 75-ல் இருக்கும்போது ஊசி (வழி 5) போட்டால் 30 பக்கம் இறங்கிவிடும். உங்கள் எண்ணை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், எந்த வழி போதும், எது போதாது என்பது பாதி தெளிந்துவிடும்.

வழி 1: நிறுத்தி, காத்திருந்து, மறுபடி தொடங்குதல்

ஸ்டாட்டின் ரத்தத்தில் அதிக நாள் தங்குவதில்லை. அட்டோர்வாஸ்டாட்டினின் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், சுமார் 14 மணி நேரம், ரோசுவாஸ்டாட்டினுக்கு 19 மணி நேரம். ஒரு வாரத்தில் மருந்து போய்விடும். தசை பழைய நிலைக்கு வரத்தான் நாளாகிறது. வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம். இடைவெளி இரண்டிலிருந்து நான்கு வாரம் போதும், சி.கே. நான்கு மடங்கைத் தாண்டியிருந்தால் ஆறு வாரம்.

இந்த வாரங்களில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் ஐந்து விஷயம்: வலிக்கு 0 முதல் 10-க்குள் ஒரு எண், எந்த இடம், ஒரு பக்கமா இரு பக்கமா, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி, அன்று வழக்கத்துக்கு மாறான வேலையோ வேறு மருந்தோ உண்டா. மறுபடி மாத்திரை தொடங்கிய பிறகும் இதையே தொடருங்கள். "முன்னைவிடப் பரவாயில்லை" என்பதை வைத்து மருத்துவர் எதையும் தீர்மானிக்க முடியாது. "எழுந்து உட்கார 11 விநாடி ஆனது, மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் 17 ஆகிவிட்டது" என்பதை வைத்துத் தீர்மானிக்க முடியும்.

மாத்திரையால் வரும் வலிக்கு ஒரு முகம் உண்டு. இரண்டு இடுப்பிலும் தொடையிலும் ஒரே மாதிரி வலிக்கும்; தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய நான்கு வாரத்துக்குள் வரும்; நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் இறங்கும்; மறுபடி போட்டால் நான்கு வாரத்துக்குள் திரும்பி வரும். ஒரு முழங்காலில் மட்டும் வலி, வருடக்கணக்கில் போட்ட பிறகு திடீரென்று வலி, நிறுத்தி இரண்டு மூன்று மாதமாகியும் அசையாத வலி என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

அந்த வேறு காரணங்களில் மூன்றை எந்நேரமும் மனதில் வைக்க வேண்டும். தைராய்டு குறைவு தானே தசைவலி தரும், சி.கே.யை ஏற்றும், எல்.டி.எல்.லையும் ஏற்றும். அதைச் சரிசெய்தால் வலியும் போகலாம், கொலஸ்ட்ராலும் ஓரளவு இறங்கலாம். டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஸ்டாட்டினைக் குற்றம் சொல்வது சரியல்ல. அடுத்தது, 50 வயதைத் தாண்டியவர்களுக்குக் காலையில் தோளும் இடுப்பும் விறைத்துக்கொள்வது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. கூடியிருந்தால் அது பாலிமயால்ஜியா என்ற வேறு நோயாக இருக்கலாம். மூன்றாவதுதான் மிகவும் கவலைக்குரியது. நடக்கும்போது கெண்டைக்காலில் பிடித்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடும் வலி, காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளம். அதை மாத்திரை வலி என்று நினைத்து ஸ்டாட்டினை நிறுத்துபவர், அது யாரைவிடவும் தனக்குத் தேவைப்படும் நேரத்தில் நிறுத்துகிறார்.

மறுபடி தொடங்கிப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2020-ல் வெளியான சாம்சன் ஆய்வில், பக்கவிளைவால் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேர் சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத போலி மாத்திரை, சில மாதம் மாத்திரையே இல்லாமல் இருந்து தொல்லை எவ்வளவு என்று தினமும் மதிப்பெண் பதிந்தார்கள். 100-க்கு ஸ்டாட்டின் மாதங்களில் சராசரி 16.3, போலி மாத்திரை மாதங்களில் 15.4, மாத்திரை இல்லாதபோது 8. வலி கற்பனை என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்களுக்கு வலித்தது நிஜம். பெரும்பகுதி வலி மருந்தின் வேதிப்பொருளால் வரவில்லை என்பதுதான் பொருள். தங்கள் எண்களைப் பார்த்த பிறகு அவர்களில் பாதிப்பேர் மறுபடி ஸ்டாட்டின் தொடங்கினார்கள். ஆனால் இதையே காட்டி எல்லோருடைய வலியையும் மனப்பிரமை என்று தள்ளுவதை நாங்கள் ஏற்கவில்லை. 2016-ல் வந்த காஸ்-3 ஆய்வில் 42.6% பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் போட்டபோது மட்டும் வலி வந்தது, போலி மாத்திரைக்கு வரவில்லை.

மறைந்திருக்கும் செலவு: நிறுத்திய சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே ஏறிவிடும். மாரடைப்போ ஸ்டென்ட்டோ நடந்து சில மாதமே ஆனவர் தானாக இந்த இடைவெளியை எடுக்கக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டு, தேவையானால் எசெட்டிமைபைத் தொடர்ந்துகொண்டே இந்த இடைவெளியை எடுக்கலாம்.

வழி 2: வேறு ஸ்டாட்டின், குறைந்த அளவு

அளவைக் குறைத்தால் பலனும் அதே வீதத்தில் குறையும் என்று பயப்படத் தேவையில்லை. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கும்போது எல்.டி.எல். கூடுதலாக 6% அளவுக்குத்தான் இறங்குகிறது. அட்டோர்வாஸ்டாட்டின் 40-லிருந்து 10 மி.கி.க்கு இறங்கினால் மருந்து கால்வாசி ஆகிறது, பலனில் போவது 12% பக்கம்தான். தசைத் தொல்லையோ பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் நோயாளிக்குத்தான் லாபம்.

எந்த ஸ்டாட்டின்? சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் கொழுப்பில் கரைபவை, கல்லீரலில் சி.ஒய்.பி.3ஏ4 என்ற நொதி வழியாகச் சிதைபவை. அந்த நொதியை முடக்கும் கிளாரித்ரோமைசின், இட்ராகோனசோல், வெரபமில், டில்டியாசெம், பம்ளிமாஸ் சாறு போன்றவை சேர்ந்தால் ரத்தத்தில் ஸ்டாட்டின் ஏறிவிடும். சிம்வாஸ்டாட்டினோடு அம்லோடிபின் போடுபவருக்கு 20 மி.கி.க்கு மேல் கூடாது. ட்ரைகிளிசரைடு கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் வேறு பாதையில் ஏற்றும். எந்த ஸ்டாட்டினோடும் அது வேண்டாம். ஆகவே வலி தொடங்கிய வாரத்துக்கு முன் நெஞ்சுச் சளிக்கோ பூஞ்சைத் தொற்றுக்கோ மருந்து எடுத்தீர்களா என்று பாருங்கள். எடுத்திருந்தால் ஸ்டாட்டினை மாற்றவே வேண்டியதில்லாமல் போகலாம். அந்த மருந்து ஓடும் நாட்களில் மட்டும் மருத்துவரைக் கேட்டு நிறுத்தி வைத்தால் போதும்.

பிராவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் நீரில் கரைபவை. பிட்டாவாஸ்டாட்டின் கொழுப்பில் கரைந்தாலும் அந்த நொதியை அதிகம் நம்பியிருப்பதில்லை. பல மாத்திரை போடுபவருக்கு இந்த மூன்றும் வசதி. ரோசுவாஸ்டாட்டினில் மூன்று கவனம்: ஆசிய வம்சாவளியினருக்கு ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்பதால் 5 மி.கி.யில்தான் தொடங்க வேண்டும். சிறுநீரக வடிகட்டும் திறன் 30-க்குக் கீழ் உள்ளவருக்கு 10 மி.கி.யே உச்சம், அமிலம் தணிக்கும் மருந்தை அதற்குப் பின் 2 மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும்.

தினமும் தாங்காதவருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. வாரம் இரண்டு நாளில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு முறை ஒரு நாள் கூட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. அரை ஆயுள் நீளமானது என்பதால் இடைவெளி விட்டாலும் எல்.டி.எல். இறங்கும். குறை இரண்டு: இப்படி இடைவெளி விட்டுப் போடுவது மாரடைப்பைத் தடுக்கிறதா என்று பெரிய ஆய்வு இல்லை; "இன்று போடும் நாளா" என்ற குழப்பத்தில் பலர் மெல்ல விட்டுவிடுகிறார்கள். கிழமையைக் குறித்த மாத்திரைப் பெட்டி இருந்தால்தான் இது ஓடும்.

வழி 3: எசெட்டிமைப்

10 மி.கி., தினம் ஒன்று, எந்த நேரத்திலும், சாப்பாட்டுக்கு முன்னோ பின்னோ. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. தனியாகப் போட்டால் 18 முதல் 20% வரை இறங்கும். மாரடைப்பு போன்ற நிலையில் சேர்க்கப்பட்ட 18,144 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான இம்ப்ரூவ்-இட் ஆய்வில், சிம்வாஸ்டாட்டினோடு இதைச் சேர்த்தவர்களுக்கு ஏழு ஆண்டில் இதயப் பாதிப்புகள் 34.7-லிருந்து 32.7%-ஆகக் குறைந்தன. சிறிய லாபம்தான், ஆனால் நிஜமான லாபம்.

கல்லீரல் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் வேண்டாம். மற்றபடி தொல்லை குறைவு. தனியாக இது போதுமானவர் யார் என்றால், இலக்கிலிருந்து 20%-க்குள் இருப்பவர். எல்.டி.எல். 160-ல் நிற்கும் மாரடைப்பு நோயாளிக்கு எசெட்டிமைபை மட்டும் எழுதிக்கொடுத்து அனுப்புவது சிகிச்சை ஆகாது.

வழி 4: பெம்படோயிக் ஆசிட்

ஸ்டாட்டின் தடுக்கும் அதே பாதையில் இரண்டு படி முன்னால் தடுக்கிறது. ஆனால் இதைச் செயல்பட வைக்கும் நொதி கல்லீரலில் இருக்கிறது, எலும்புத் தசையில் இல்லை. அதனால்தான் ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவருக்கென்றே இதை ஆராய்ந்தார்கள். 2023-ல் வெளியான கிளியர் அவுட்கம்ஸ் ஆய்வில் ஸ்டாட்டின் எடுக்க முடியாத அல்லது எடுக்க விரும்பாத 13,970 பேர். தினம் 180 மி.கி.; எல்.டி.எல். 21% அளவுக்குக் கூடுதலாகக் குறைந்தது. முக்கிய இதயப் பாதிப்புகள் 13% குறைந்தன.

தசை தப்பினாலும் வேறு இடத்தில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. யூரிக் அமிலம் ஏறும். அந்த ஆய்வில் கவுட் என்ற மூட்டு வீக்கம் வந்தவர்கள் 3.1%, போலி மாத்திரையில் 2.1%, பித்தப்பைக் கல் 2.2%-க்கு 1.2%. தசைநார் அறுந்துபோகும் அபாயமும் எச்சரிக்கையில் உண்டு. ஏற்கெனவே கட்டைவிரல் வீங்கிக் கவுட் வந்தவருக்கு இதை முதலில் கொடுக்க மாட்டோம். சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல், பிராவாஸ்டாட்டின் 40 மி.கி.க்கு மேல் இதனோடு சேரக் கூடாது.

வழி 5: ஊசி மருந்துகள்

எவோலோகுமேப் 140 மி.கி., அலிரோகுமேப் 75 அல்லது 150 மி.கி., இரண்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தோலுக்கடியில், தானே போட்டுக்கொள்ளலாம். எல்.டி.எல். 50 முதல் 60% வரை இறங்கும். 27,564 பேரிடம் நடந்த ஃபூரியே ஆய்வு 2017-ல் காட்டியது: எல்.டி.எல். இடைநிலை 92-லிருந்து 30-க்கு வந்தது, முக்கிய இதயப் பாதிப்புகள் 15% குறைந்தன. காஸ்-3 ஆய்வில் தசைத் தொல்லையால் எவோலோகுமேபை நிறுத்தியவர்கள் 0.7% மட்டும். அதே ஆய்வில் எசெட்டிமைப் எடுத்தவர்களில் 28.8% பேர் தசைவலி சொன்னார்கள். தசையோடு பெரிதாகச் சம்பந்தமில்லாத மருந்திலும் இவ்வளவு என்றால், உடலில் சாதாரணமாக இருக்கும் வலி எவ்வளவு என்று யோசிக்க வேண்டும்.

இன்கிளிசிரான் 284 மி.கி., முதல் நாள், மூன்றாம் மாதம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மருத்துவமனையில் போடுவார்கள். பாதியளவு குறைக்கும். மறதி உள்ளவருக்கு மிக நல்லது. ஆனால் எண்ணைக் குறைப்பதற்கான ஆதாரம் வலுவாக இருக்கும் அளவுக்கு மாரடைப்பைத் தடுப்பதற்கான ஆதாரம் இன்னும் சேரவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு எங்கள் முதல் தேர்வு மற்ற இரண்டில் ஒன்று.

மறைந்திருக்கும் செலவு பணம் மட்டும் அல்ல. எவோலோகுமேபும் அலிரோகுமேபும் 2 முதல் 8 டிகிரியில் குளிர்பதனப் பெட்டியில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்தபின் போட வேண்டும். பயணம் அதிகம் உள்ளவர் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நிறுத்தினால் எல்.டி.எல். முன்பிருந்த இடத்துக்கே திரும்பும். ஆகவே இரண்டு மாதம் வாங்க முடிந்து மூன்றாம் மாதம் முடியாமல் போகும் நிலை இருந்தால், தொடங்கும் முன்பே அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வழி 6: மருந்தே வேண்டாம்

இதுவும் சில நேரம் சரியான முடிவுதான். சர்க்கரை இல்லை, புகைப்பழக்கம் இல்லை, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இல்லை, இதய ரத்தக்குழாய் சுண்ணாம்பு ஸ்கேனில் மதிப்பெண் 0 என்பவர், சில வருடம் உணவு, உடற்பயிற்சியோடு தள்ளிப் பார்க்கலாம். கர்ப்பமானால் பொதுவாக நிறுத்துவார்கள். வாழ்நாள் குறுகிய கடும் நோயாளிக்கும் இது தேவையில்லாத சுமை.

மாரடைப்பு, ஸ்டென்ட், பக்கவாதம், பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ளவருக்கு இந்த வழி இல்லை. எல்.டி.எல். 39 மி.கி. குறைந்தால் பெரிய இதயப் பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைகின்றன. விட்டுவிட்டால் இழப்பதும் அதுவே.

மருந்தை விட்டவர்கள் அடுத்துப் போகும் இடம் பெரும்பாலும் செம்மை ஈஸ்ட் அரிசி மாத்திரை. தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள மோனகோலின் கே என்பதும் லோவாஸ்டாட்டின் என்பதும் ஒரே வேதிப்பொருள். அதாவது ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு, எத்தனை மி.கி. என்று தெரியாத ஸ்டாட்டினைப் போடுகிறீர்கள். சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் இருந்திருக்கிறது. கோ-என்சைம் கியூ10 போட்டால் ஸ்டாட்டின் வலி போகும் என்பதற்கு ஆய்வுகள் உறுதியான ஆதாரம் தரவில்லை. பெரிய கெடுதலும் இல்லை. வைட்டமின் டி குறைவு இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாதவர் விழுங்குவதால் தசை காக்கப்படுவதில்லை.

ஒரே பார்வையில்

| வழி | எல்.டி.எல். குறைவு | தசைத் தொல்லை | கவனிக்க வேண்டியது | யாருக்கு |
|---|---|---|---|---|
| அதே ஸ்டாட்டின் மறுபடி | முன்பு இருந்த அளவே | திரும்பலாம் | நோட்டு, டி.எஸ்.எச்., சி.கே. | வலியின் காரணம் தெளியாதவர் |
| வேறு ஸ்டாட்டின், குறைந்த அளவு | 30–45% | குறைவு | மற்ற மருந்துகள், சிறுநீரகம் | பெரும்பாலோர் |
| எசெட்டிமைப் | 18–20% | அரிது | கல்லீரல் | இலக்குக்கு அருகில் இருப்பவர், கூட்டுச் சிகிச்சை |
| பெம்படோயிக் ஆசிட் | சுமார் 20% | அரிது | கவுட், பித்தக்கல், தசைநார் | எந்த ஸ்டாட்டினும் தாங்காதவர் |
| எவோலோகுமேப், அலிரோகுமேப் | 50–60% | மிக அரிது | குளிர்பதனம், செலவு | மாரடைப்பு வந்தவர், பரம்பரைக் கொலஸ்ட்ரால் |
| இன்கிளிசிரான் | சுமார் 50% | மிக அரிது | ஆதாரம் முழுமையாகவில்லை | அடிக்கடி மருந்து மறப்பவர் |

மருத்துவரிடம் போகும்போது

"எனக்கு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாது" என்று கோப்பில் எழுதப்பட்டுவிட்டால் அது வருடக்கணக்கில் கூடவே வரும். அப்படி எழுதச் சொல்வதற்கு முன், குறைந்தது இரண்டு ஸ்டாட்டினை, அதில் ஒன்றை மிகக் குறைந்த அளவில், போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கையில் எடுத்துப் போக வேண்டியவை: மருந்தில்லாத காலத்து எல்.டி.எல்., இதுவரை போட்ட ஸ்டாட்டின்களின் பெயரும் மி.கி.யும், ஒவ்வொன்றிலும் வலி வந்த வாரமும் போன வாரமும், மற்ற எல்லா மாத்திரைகளும், அந்த நோட்டு.

புது மருந்து தொடங்கி நான்கிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் எல்.டி.எல். பாருங்கள். வலி இல்லாதவருக்குச் சி.கே. அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை. பார்க்கும்போது, அதற்கு முன் இரண்டு மூன்று நாள் கடும் உடற்பயிற்சியும் தசையில் ஊசியும் இல்லாமல் இருக்க வேண்டும், இரண்டுமே சி.கே.யை ஏற்றிக் காட்டும், அந்தப் பொய் எண்ணால் நல்ல மருந்து கைவிட்டுப் போகும். பெம்படோயிக் ஆசிட் என்றால் யூரிக் அமிலமும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.